மாவுப்பூச்சியின் சிவப்பு

உங்கள் வீட்டு பால்கனியிலும் இந்நேரம் வந்திருக்கும். வராமல் எங்கே போகும்? நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் ஆளுக்கு நாலு தொட்டி வாங்கி வைத்து, பொழுதுபோகும் என்று சொல்லிவிட்டுத்தானே வேலைக்குப் போகிறார்கள். பங்குனி வெயில் ஏறியதும் செம்பருத்தியின் இலைக்காம்பு இடுக்கில் பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல வெள்ளையாக ஒன்று தெரியும். மறுநாள் நாலு இருக்கும். ஒரு வாரத்தில் மொட்டெல்லாம் சுருண்டுவிடும். மாவுப்பூச்சி.

எனக்கு மணலி புதுநகரில் மூன்றாவது மாடி. எங்கள் அடுக்குமாடிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் படம் எடுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. வேப்பெண்ணெய் என்றார் ஒருவர், ஷாம்பு என்றார் இன்னொருவர், புளித்த மோர், பெருங்காயத் தண்ணீர், பூண்டுச் சாறு என்று சாயங்காலம் வரைக்கும் போன் கத்திக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டுப் பெண் நேரிலேயே ஏறி வந்துவிட்டாள். "இதுக்கெல்லாம் மருந்தே வேணாம் ஆன்ட்டி, டிஷ்யூ எடுத்து அப்படியே நசுக்கி விட்டுருங்க" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அருவருப்பு என்று நினைத்துக்கொண்டாள் போல. அருவருப்பாவது ஒன்றாவது. ராயபுரத்தில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மீன் கழுவியவளுக்குப் பூச்சியில் என்ன அருவருப்பு?

ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு மாவுப்பூச்சியைக்கூட நசுக்காமல் இருந்தவள் நான். ஏன் என்று நான் பெற்ற பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். கரி என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கரியை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி மலைமலையாகக் குவிந்து கிடக்கும். மத்தியானம் கடல்காற்று திரும்பினால் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில், மூடாத தயிர்க் கிண்ணத்தில், மாதா படத்துக் கண்ணாடியில், மூக்குக்குள், காதுக்குள். பள்ளிக்கூடத்தில் கைக்குட்டையை விரித்தால் எல்லோருடையதும் ஒரே நிறம். அதனால் எது கறுப்பாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரே காரணம்தான். சுவர் கறுத்தாலும் கரி, சோறு கறுத்தாலும் கரி. யாரும் மேற்கொண்டு யோசிக்க மாட்டார்கள்.

அந்தக் கரியிலேதான் எங்கள் நைனாவுக்கு வேலை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூடையில் அள்ளி வேகனில் கொட்டுகிற கேங்கில் இருந்தார். வேலை விட்டு வரும்போது கண்ணும் பல்லும்தான் தெரியும். முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து பார் சோப்பைத் தேய்த்துக் குளிப்பார். அப்புறம் வாய் கொப்பளிப்பார். முதல் துப்பல் கறுப்பாக வரும், அடுத்தது சாம்பலாக வரும், வெள்ளைத் தண்ணீர் வரும்வரை கொப்பளித்துக்கொண்டே இருப்பார். வெள்ளை வந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் கைதட்டுவேன். தினமும் நடக்கிற விளையாட்டு அது. எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் இருந்தது ஆறு குடித்தனம் உள்ள வீடு. நடுவில் முற்றம், ஒரு குழாய், மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் படிக்கு ஒன்றாக அம்மாவின் தொட்டிகள். தொட்டி என்றால் மண்தொட்டி இல்லை. டால்டா டின், பெயின்ட் டின், உடைந்த வாளி. குரோட்டன்ஸ், நந்தியாவட்டை, துளசி எல்லாம் அதில்தான். எல்லாவற்றுக்கும் கீழே, முற்றத்தை ஒட்டி, நைனா ஹார்பரிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த தார் டிரம்மைப் பாதியாக வெட்டி, அதில் ஒரு அடுக்குச் செம்பருத்தி. ஆள் உயரம் இருக்கும். ஆறு குடித்தனத்துப் பெண்களும் அம்மாவிடம் ஒரு பூவாவது கேட்காமல் இருந்ததில்லை. அம்மா ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. எல்லாம் மாதாவுக்கு.

எங்கள் தெருமுனையில் மாதா கெபி ஒன்று உண்டு. கல்லால் குகை போலக் கட்டி, உள்ளே மாதா சுரூபம். மே மாதம் முழுக்கத் தினமும் சாயங்காலம் அங்கே ஜெபமாலை. அந்த மாதத்துக்குத் தெருக்காரர்கள் அவரவர் வீட்டுச் செடித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கெபியைச் சுற்றி வைக்க வேண்டும். கடையில் வாங்கிய பூவெல்லாம் அப்புறம்தான், வீட்டில் வளர்த்த செடிதான் பெருமை. யார் வீட்டுச் செடி மாதா காலடியில், யாருடையது ஓரத்தில் என்று தீர்மானிப்பவர் உபதேசியார். கோயிலில் சாமியாருக்கு ஒத்தாசையாக இருந்து எங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். முந்தின வருடம் எங்கள் செம்பருத்தியை அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். இலையெல்லாம் ஒரே கறுப்பு என்றார். அந்த மே மாதம் முழுக்க அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்துதான் ஜெபமாலை சொன்னாள்.

அம்மாவுக்கு ரோஷம் ஜாஸ்தி. அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் முன்னாலேயே கரியோடு சண்டைக்கு இறங்கிவிட்டாள். நான்தான் அவளுடைய ஒற்றை ஆள் பட்டாளம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையின் மேல்புறத்தையும் துடைக்க வேண்டும். மத்தியானத்தில் பழைய புடவையைச் செடிக்குப் போர்த்திவிடுவாள். துடைத்த இலை நாலு நாளில் மறுபடி கறுத்துவிடும். மொட்டு விரியாமல் கருகி விழும். அம்மா ஹார்பர் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுவாள். கப்பல்காரனிலிருந்து காற்று வரைக்கும் யாரும் தப்ப மாட்டார்கள்.

ஒருநாள் நைனா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி நகத்தால் சுரண்டினார்.

"கரின்னா தட்னா உதுரும். இது பிசுக்கு மாரி ஒட்டிகினு கீது. இது கரி இல்லமே" என்றார் அம்மாவிடம்.

அம்மா நம்பவில்லை. வேறு எது கறுப்பாக இருக்கும் என்று கேட்டாள்.

"எனுக்குத் தெரியாத கரியா?" என்றார் நைனா.

இலையைத் திருப்பினார். அடியில், காம்பு இடுக்கில், மொட்டின் கழுத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. தண்டில் எறும்புகள் மேலும் கீழும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எறும்பு சும்மா வராது, இனிப்பு எங்கேயோ இருக்கிறது என்றார். நான் இலையைத் தொட்டு விரலை நக்கினேன். நிஜமாகவே தித்தித்தது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தப் பூச்சி விடுகிற தேன் போன்ற பிசுக்கில் பூசணம் பிடித்துக் கறுக்கிறது என்று பின்னாளில் நான் தெரிந்துகொண்டேன். நைனாவுக்கு அதெல்லாம் தெரியாது. கரியைத் தெரியும், கரி இல்லாததையும் தெரியும்.

அன்றிலிருந்து செடி வேலையை நைனா எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கே ஆச்சரியம். வேலை விட்டு வந்தால் கட்டைச் சுவரில் சாய்ந்து தோஸ்துகளோடு பேசிக்கொண்டிருக்கிற மனிதர், இப்போது முதல் படியில் உட்கார்ந்து இலை இலையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். புகையிலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைத் தெளித்தோம். வீடு முழுக்க நாற்றம், பக்கத்துக் குடித்தனக்காரி ஒரு பாடு சண்டைக்கு வந்துவிட்டாள். சோப்புத் தண்ணீர் அடித்தோம். அடுப்புச் சாம்பலைத் தூவினோம். ஹார்பர் கிரேனில் போடுகிற கிரீஸை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து, தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் பூசினார். எறும்பு ஏறி வந்து அந்த இடத்தில் நின்று முழித்துவிட்டுத் திரும்பிப் போகும். நானும் நைனாவும் அதைப் பார்த்துச் சிரிப்போம். என் வாழ்க்கையில் நைனாவோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அந்த ஒரு கோடைதான். சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

பூச்சி மட்டும் போகவில்லை. தெளித்த மூன்றாம் நாள் சுத்தமாக இருக்கும், பத்தாம் நாள் இடுக்கில் புதுக்குஞ்சு வந்திருக்கும். கடைசியில் கையால் நசுக்குவதுதான் வழி என்றாயிற்று. நைனா தன்னுடைய கிழிந்த பனியன் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டார். துணியை விரலில் சுற்றி, இடுக்கில் வைத்து ஒரு அழுத்து. துணியில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி விழும். அந்த ஜாதிப் பூச்சிக்கு உடம்புச் சாறே அந்த நிறம்.

இருமல் எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கரி கேங்கில் இருக்கிற எல்லோரும் இருமுவார்கள். ஆறு குடித்தனத்தில் மூன்று ஆண்கள் ஹார்பர்காரர்கள், விடியற்காலையில் மூவரும் முறைவைத்து இருமுவதைக் கேட்டுத்தான் நான் விழிப்பேன். நைனாவின் இருமல் நீண்டுகொண்டே போனபோது அம்மா ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னாள்.

"கரிதாம்மே. எனுக்குத் தெரியாத கரியா?" என்றார்.

அதே வார்த்தை. அம்மாவும் சரி என்று விட்டுவிட்டாள். இளைத்திருந்தார், அதற்கும் காரணம் இருந்தது. தவக்காலம். எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கவிச்சி கிடையாது, நைனா வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பார், ஒரு வேளைச் சாப்பாடுதான். அந்த வருடம் எல்லா நாளும் ஒருசந்தி என்று சொல்லிவிட்டார். பக்தி வந்துவிட்டது என்று உபதேசியார்கூடக் கோயிலில் வைத்துப் பாராட்டினார். பசியே எடுக்காத மனிதர் தட்டைத் தள்ளியதைப் போய் நாங்கள் பக்தி என்றோம்.

குழாயடி விளையாட்டும் நின்றுபோயிருந்தது. நீ பெரிய பொண்ணாயிட்ட, போய்ப் படி என்று என்னை விரட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டுதான் கொப்பளித்தார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் மத்தியானம். அம்மா மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். நைனா டிரம்முக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பனியன் துணியை வாயில் வைத்து அழுத்தியிருந்தார். எடுத்தபோது துணி சிவப்பாக இருந்தது. என் உள்ளங்கை அகலத்துக்கு. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் துணியை விரலில் சுற்றி, செம்பருத்தி இடுக்கில் இருந்த பூச்சிகளை அதன்மேலேயே வைத்து நசுக்கினார். ஒன்று, இரண்டு, ஐந்து. அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

பயப்படவில்லை, கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார். அண்ணனுக்கு ஆகஸ்டில் பதினெட்டு ஆகிறது என்றார். அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவன், பத்தாவது தேறாமல் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தான். வேலையில் இருக்கிறவன் பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் பெயர் கொடுத்தால் பிள்ளைக்குக் கிரேன் பக்கம் இடம் கிடைக்கும், கரி அள்ள வேண்டாம். ஆனால் நெஞ்சுச் சீக்குக்காரன் என்று பெயர் அடிபட்டவனைக் கேங்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிள்ளைக்கும் கிடையாது. இதை எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். எழுத்தில் பார்த்தவர் யாரும் இல்லை.

"நாலு மாசம் நைனா. அப்பறம் நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். அம்மா கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார். பாசம் வந்தால் என்னையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"பூச்சி ரத்தம்னு சொல்லுவேன்" என்றேன்.

அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. நானேதான் சொன்னேன். கெட்டிக்காரி என்று தலையைத் தடவினார். அன்றிலிருந்து அந்தத் துணிகளைத் துவைப்பது என் வேலை. அம்மா பார்க்கும் முன்னால் குழாயடியில் கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, வெள்ளையாக்கி, படிக்கட்டின் பின்பக்கம் காயப்போட்டுவிடுவேன். ஒரு பெரிய ரகசியம் என்னிடம் இருக்கிறது என்று எனக்குள் கர்வம் வேறு.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் ஒரு துணி அம்மா கையில் மாட்டிக்கொண்டது. டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்ததை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். அம்மா நைனாவைக் கேட்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள்.

"இன்னாடி இது?"

சொன்னேன். அவள் துணியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நம்பவில்லையோ என்று பயந்து, அவளைச் செடிப் பக்கம் இழுத்துப் போய் ஒரு பூச்சியை நசுக்கிக் காட்டினேன். சிவப்பு வந்தது. அம்மா தானும் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினாள். வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் குழாயடி மாடத்தில் ஒரு புது சோப்புத் துண்டு தனியாக இருந்தது. செடித் துணியை இதிலேதான் துவைக்க வேண்டும், மற்றத் துணியோடு சேர்க்கக் கூடாது, துவைத்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும் என்று அம்மா சொன்னாள். பூச்சி மற்றத் துணிக்கும் ஏறிவிடும் என்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் கடைசிக்கு வந்தபோது செம்பருத்தி அப்படி ஒரு அழகு. பச்சை என்றால் அதுதான் பச்சை. ஒவ்வொரு கிளையிலும் மொட்டு. நைனா ஒரு பூச்சி விடாமல் தீர்த்திருந்தார். அவர் பாதி ஆகியிருந்தார், இடுப்பில் கைலி நிற்கவில்லை. மே மாதத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உபதேசியார் வந்தார். விரலால் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

"மாதா காலடியில வைக்கலாம்மா" என்றார் உபதேசியார்.

அம்மா முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சின்ன டின்களையெல்லாம் முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். டிரம்மைத் தூக்க நாலு பேர் வேண்டும். அண்ணன் ஒரு பக்கம் பிடித்தான். நைனா எதிர்ப்பக்கம் போனார். அம்மா வேண்டாம் என்றாள். தெருவே பார்க்கும்போது, கரி கேங்கில் இருக்கிற ஆள், தன் வீட்டு டிரம்மைத் தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? தூக்கினார். கெபி வரை தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். வெள்ளையடித்த படியில் டிரம்மை வைத்தார்கள். வைத்ததும் நைனா அதைப் பிடித்தபடியே குனிந்தார். இருமல் நிற்கவில்லை. துணியை இடுப்பில் தேடினார், இல்லை. வாயைக் கையால் பொத்தினார், விரலிடுக்கு வழியாக வந்தது. செம்பருத்தி இலையிலும் வெள்ளைப் படியிலும் சிவப்பாக விழுந்தது.

தெருவே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். யாராவது ஏதாவது சொல்லிவிடப் போகிறார்கள், அண்ணன் வேலை போய்விடும் என்ற பயம் மட்டும்தான் எனக்கு.

"அது பூச்சி ரத்தம்! பூச்சிதான்!" என்று கத்தினேன்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினாள். எனக்கு மூச்சு முட்டியது, அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் எங்கள் தொட்டிகள் எல்லாம் வாசலில் இருந்தன. டால்டா டின், பெயின்ட் டின், அந்த டிரம் உட்பட எல்லாம். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. உபதேசியார் சொல்லி அனுப்பிய செய்தி மட்டும் வந்தது. செடியில் பூச்சி இருக்கிறதாம், மற்றவர்கள் செடிக்குப் பரவிவிடுமாம். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து செம்பருத்தியின் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பூச்சி இல்லை. ஒன்றுகூட இல்லை. இலை எல்லாம் தீரும்வரை பார்த்தாள்.

நைனாவை ஊருக்கு வெளியே நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் அம்மாவிடம், இது தீர்க்கக்கூடிய வியாதி, ஊசி மாத்திரை எல்லாம் இலவசமாகவே தருகிறோம், இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாராம். ஜூலையில் செத்துப்போனார். அண்ணனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வேலையில் இருக்கும்போது செத்தவன் பிள்ளை என்று அண்ணனைப் பதினெட்டு முடிந்த கையோடு கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடப் போன அம்மாவிடம் அங்கிருந்த கிளார்க் ஒருவர், இந்தச் சீக்குக்கு லீவே உண்டேம்மா, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களே, பேரெல்லாம் எடுக்க மாட்டார்களே என்றாராம். தெருவில் எல்லோரும் சொன்ன பேச்சு பொய். அந்தப் பொய்க்குத்தான் ஒரு மனிதர் தன் ரத்தத்தைத் துணியில் துடைத்துப் பூச்சியை அதன்மேல் நசுக்கினார்.

செடியை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மழைக்கு முன்னால் பூச்சி திரும்பி வந்து, செம்பருத்தி வெள்ளையடித்தது போல ஆகிவிட்டது. ஒருநாள் அம்மா சோறு வடித்த அடுப்பிலேயே ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுபோய் வேரில் ஊற்றினாள். அந்த டிரம்மில் பிற்பாடு பல வருடம் குடிதண்ணீர் லாரித் தண்ணீர்தான் பிடித்து வைத்தோம்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். நைனாவைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் கேட்டதில்லை. என் பொய்யால்தான் நைனா செத்தார் என்று எனக்குள் இருந்தது, அதை அவள் வாயால் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். ஒருநாள் அவளுடைய புடவையை நான் கையால் கசக்கிக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுலயே நீ நல்லா வெளுப்பா தொவைப்ப" என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாமல் துவைத்த துணிகள் நினைவுக்கு வர, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த மாதம் அவளும் போய்விட்டாள்.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், இன்று காலை கீழ்வீட்டுப் பெண் ஒரு டிஷ்யூ டப்பாவையே கொடுத்துவிட்டுப் போனாள். செம்பருத்தி வாடிக்கொண்டிருந்தது. சரி, இந்த வயதில் இனி என்ன என்று ஒரு டிஷ்யூவை விரலில் சுற்றி, ஒன்றை அழுத்தினேன். இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி. குண்டூசித் தலையளவு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. இன்னொன்றை நசுக்கினேன். அதே இடத்தில் வைத்து இன்னும் இரண்டு. நாலு கிளையில் இருந்த அத்தனையையும் நசுக்கி முடித்தபோது டிஷ்யூவில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குக் கறை, அதுவும் காய்ந்து வெளிறிப் போய்விட்டது.

நைனாவின் துணியில் உள்ளங்கை அகலம் இருந்தது. நான் ஒன்பது வயதுப் பிள்ளை, எனக்கு அளவு தெரியவில்லை. அம்மா பெரியவள். மீனையும் கோழியையும் ஆய்ந்தவள், இரண்டு பிள்ளை பெற்றவள். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா? நகத்தில் அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு வெயிலில் அவ்வளவு நேரம் எதைப் பார்த்தாள்? சோப்பை ஏன் தனியாக வைத்தாள், கையைக் கழுவு என்று ஏன் சொன்னாள்? அண்ணனுக்கு ஆகஸ்ட் வர வேண்டும், செடி மே மாதம் மாதா காலடிக்குப் போக வேண்டும், அதுவரை எதுவும் கலையக் கூடாது. நைனா என்னிடம் மறைக்கச் சொன்னார். அம்மா எதுவும் சொல்லாமலே என்னை மறைக்க விட்டாள். நான் அவளை ஏமாற்றினேன் என்று ஐம்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தெரிந்துதான் சரி என்றாள்.

அவள்மேல் கோபம் வரும் என்று டிஷ்யூவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அந்தத் துணிகளை அவளும் நானும் சேர்ந்தே துவைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.